பண்டிகை நாளில் கனக்கும் நெஞ்சம்

மார்கழி பிறந்து, நத்தாரும் ஆங்கிலப் புத்தாண்டும் தைப்பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும் காலத்தை மகிழ்ச்சிக் காலம் என்று எல்லோரும் சொல்லுகின்றோம். கடைவீதியில் கூட்டம் நிறைகின்றது, வீடுகளுக்கு வெள்ளையடிக்கின்றனர், அடுக்களையில் எண்ணெய் காய்கின்றது. ஆயினும் இதே நாட்களில் வாயிற்கதவைச் சாத்திக்கொண்டு, அயலில் கேட்கும் வெடிச்சத்தம் எப்பொழுது ஓயும் என்று காத்திருக்கும் வீடுகளும் ஊருக்கு ஊர் உள்ளன. ஆண்டு முழுவதும் தம் துயரை ஒருவாறு அடக்கிக்கொண்டு அலுவல் பார்த்து வந்தவர்கள், பண்டிகை நெருங்கியதும் தளர்ந்து போகின்றனர். இதற்குக் காரணம் யாது?

பண்டிகை என்பது பெரும்பாலும் நினைவினால் ஆயது. பயற்றம்பணியாரத்துக்கு மாவின் பதம் இதுதான் என்று காட்டித் தந்த கை ஒன்று உண்டு. பொங்கற்பானையை அடுப்பில் ஏற்றிய கை ஒன்று உண்டு. வருடப்பிறப்பன்று வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் தந்த கை ஒன்று உண்டு. மற்றைய நாட்களில் ஒருவர் இல்லாத குறை வீடு முழுவதும் பரந்து கிடக்கும். பண்டிகை நாளிலோ அது ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். இவ்வாண்டு பானையை ஏற்றுவது யார் என்று எவரும் வாய்திறந்து கேளார். ஆனால் எல்லோர் நெஞ்சிலும் அக்கேள்வியே இருக்கும். அதனோடு இன்னொரு பாரமும் சேர்கின்றது. நல்ல நாளில் அழக்கூடாது, வருவோருக்கு மலர்ந்த முகம் காட்டவேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். துயரத்தைவிட அதனை மறைக்கும் வேலையே பலரைக் களைப்படையச் செய்கின்றது.

பண்டிகைக் காலத்தில் தற்கொலைகள் மிகுந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை அவ்வாறன்று. அமெரிக்காவிற் பல்லாண்டுகளாகத் திரட்டப்பட்ட கணக்குகளில் டிசம்பர், தற்கொலை குறைந்த மாதங்களுள் ஒன்றாகவே காணப்படுகின்றது. ஆகையால் வீணே பயங்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உயிராபத்து இல்லை என்பதனால் துயரமே இல்லை என்று கொள்வதும் தவறு.

இவ்விடயத்தில் நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆட்டைத் திவசம் முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை. பல ஊர்களில் அவ்வீட்டார் பலகாரம் சுடுவதில்லை. உறவினரும் அயலவரும் தம் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுசென்று கொடுப்பர். துக்க வீட்டார் சிரிக்கவும் வேண்டியதில்லை, தனித்து விடப்படுவதுமில்லை. ஓராண்டு கழிந்த பின்னரும் துயரத்துக்கு நாட்காட்டியில் இடம் உண்டு. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பது ஈழத்துச் சைவர் வழக்கம். ஆடி அமாவாசையன்று கீரிமலையிலும் மட்டக்களப்பு மாமாங்கத்திலும் தீர்த்தமாடக் கூடும் கூட்டம் யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்துச் சமையலில் அன்றைக்குக் காத்தோட்டிக்காய் இடம்பெறும். கசப்பான காய்தான், ஆயினும் அதற்காகச் சந்தையில் அலைந்து திரிவோர் பலர். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகின்றனர்.

இவ்வழக்கத்தில் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. துக்க வீட்டுச் சிறுவனுக்குப் புதுச்சட்டை ஆகாது என்று மறுப்பதும், கணவனை இழந்தவளை ஆண்டு பல கடந்த பின்னும் பொங்கல் முற்றத்துக்கு வரவிடாமல் ஒதுக்குவதும் துயரத்தை மதிக்கும் செயல்கள் அல்ல. அவற்றைக் கைவிடுதலே நன்று.

சிக்மண்ட் புரொயிட் 1917இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், இறந்தவரிடமிருந்து மனம் சிறிது சிறிதாக விடுபடுதலே துக்கத்தின் வேலை என்று எழுதினார். பின்வந்த அறிஞர் பலர் இதனை அப்படியே ஏற்கவில்லை. இறந்தவரோடுள்ள பிணைப்பு அறுவதில்லை, வேறு வடிவங்கொண்டு தொடர்கின்றது என்ற கருத்து 1990களில் வலுப்பெற்றது. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்னும் இருவர், துயருற்றவர் சற்றுநேரம் இழப்பை நினைத்து வருந்துவதும், சற்றுநேரம் அதை ஒதுக்கி வைத்து வீட்டலுவலைக் கவனிப்பதுமாக மாறிமாறி நடந்துகொள்வதே இயல்பு என்று விளக்கினர். காலையில் அழுத தாய் மாலையில் பேரனோடு சிரித்து விளையாடினால், அவள் மறந்துவிட்டாள் என்று குறைகூறும் உறவினர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

நம் நாட்டிலே பண்டிகையும் துக்கமும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மட்டக்களப்பு, அம்பாறை, முல்லைத்தீவுக் கரைகளில் முந்திய நாள் நத்தார் கொண்டாடிய குடும்பங்கள் மறுநாள் பிள்ளைகளைத் தேடி அலைந்தன. அவ்வூர்களில் இன்றும் நத்தாரின் மறுநாள் விளக்கேற்றும் நாளாகவே இருக்கின்றது. அங்கே நத்தாரைக் கைவிட்டவர் சிலர். இரு நாளையும் அடுத்தடுத்து அனுட்டிப்போர் பலர்.

இவர்களினும் கடினமான நிலையில் இருப்போர், போரிலே காணாமற் போனோரின் குடும்பத்தார். திவசம் செய்வதற்குத் திதி வேண்டும்; திதி குறிப்பதானால் மரணத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். மகன் எங்கோ இருக்கின்றான் என்று நம்பும் தாய் எவ்வாறு அதற்கு இசைவாள்? 2009இல் போர் முடிந்த பின்னரும் அவ்வீடுகளில் பொங்கல் வரும்போதெல்லாம், அவனுக்கு ஓர் இலை போடுவதா, விடுவதா என்ற கேள்வி எழுகின்றது. வியட்நாம் போரிற் காணாமற் போன அமெரிக்கப் போர்வீரரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ் என்னும் அம்மையார் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். முடிவு காணுமாறு அவர்களை வற்புறுத்தலாகாது, இருக்கின்றான் என்பதும் இல்லை என்பதும் ஒரே மனத்தில் ஒருங்கே இருக்க இடங்கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் இலை போட விரும்பும் தாயைத் தடுக்காதிருப்போம். வேண்டாம் என்பவளை வற்புறுத்தாதிருப்போம்.

துக்கம் நேராத வீடுகளிலும் இக்காலத்தில் மன அழுத்தம் உண்டு. சீட்டுக்காசு முடிந்து கடன்பட்டுப் புடைவை எடுப்போர் உளர். விருந்தின் வேலை முழுவதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலேயே விழுகின்றது. எல்லோரும் உண்டு களித்து உறங்கிய பின் பாத்திரம் தேய்ப்பவளிடம் பண்டிகை எப்படி என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பரீட்சைப் பெறுபேறு சரியாக அமையாத மாணவனுக்கோ, வரும் உறவினர் ஒவ்வொருவரும் புதிய பரீட்சகர். பெற்றோர் அவன் பக்கத்தில் இருந்து, அப்பேச்சை வேறு திசையில் திருப்பிவிடலாம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதியோருக்குத் தொலைபேசி அழைப்பு வரும்வரை ஓர் ஏக்கம். அழைப்பு முடிந்தபின் வேறோர் ஏக்கம்.

இந்நாட்களைக் கடக்க எளிய வழிகள் சில உள. எதைச் செய்வது, எதை விடுவது என்பதை வீட்டார் ஒரு கிழமை முன்னதாகவே கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம். ஐந்து பலகாரம் சுட்ட வீட்டில் ஒன்று போதும். அதுவும் இறந்தவர் விரும்பி உண்டதாயின் இன்னும் நல்லது. அழவேண்டியவருக்கு அழுவதற்கு ஓர் அறை இருக்கட்டும். மதுவினால் மனம் தேறும் என்று எண்ணுவோருக்கு மறுநாட் காலை விடையளிக்கும். உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்குமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

இனி, துக்க வீட்டுக்குப் பலகாரத் தட்டத்தோடு செல்லும் அயலவருக்கு ஒரு சொல். வாசலிற் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே சென்று சற்று அமருங்கள். இறந்தவர் பேச்சை எடுத்தால் அவர்கள் மனம் புண்படுமே என்று அஞ்சிப் பலர் அப்பெயரையே தவிர்த்து, மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிவிட்டு எழுகின்றனர். அவ்வீட்டாரோ அப்பெயரை யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருப்பர். போன பொங்கலுக்கு ஐயா இந்த முற்றத்தில் நின்று எங்களைக் கூப்பிட்டாரே என்று நீங்கள் தொடங்கினால் போதும்; மிகுதியை அவர்களே சொல்லுவார்கள்.