வடக்கேயிருந்து வந்த ஏர்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாற்றை நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், கன்னங்கரேலென்று பரந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்திருப்பார்கள். கோடை காலத்தில் போனால் காண்பதற்கு அதிகமில்லை. கை நுழையும்படி வெடித்துப் பிளந்த மண், ஆங்காங்கே ஓர் உடைமரம், அவ்வளவே. "இந்தப் பொட்டலிலே குடியேற யாருக்குத்தான் மனம் வந்தது?" என்று எண்ணாத வெளியூர்க்காரர் இல்லை. அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய குடும்பங்கள் இப்பக்கத்துக் கிராமங்களில் அநேகம். அவற்றுள் ஒன்று, இடைசெவல் கிராமத்தில் 1923-ம் வருஷம் பிறந்த ஒரு விவசாயியின் குடும்பம். அவருடைய முழுப்பெயரே ஒரு வம்சாவளியைப் போல நீளமானது. தமிழுலகம் அதைக் கி. ராஜநாராயணன் என்று சுருக்கிக்கொண்டது.

இவருடைய முன்னோர் தெலுங்கு தேசத்தவர். விஜயநகர ராயர்களின் ஆதிக்கம் தெற்கே பரவி, பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டு, பாண்டிய நாடு எழுபத்திரண்டு பாளையங்களாக வகுக்கப்பட்டது சரித்திரப் பிரசித்தம். சேனையோடு வந்தவர் சிலர். சேனைக்குப் பின்னால் மாடும் கலப்பையும் விதைத் தானியமுமாக வந்தவர் பலர். யுத்தத்துக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி வந்தவர்களும் உண்டு. கயத்தாற்றில் 1799-ல் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டியக் கட்டபொம்மனும் இவ்வாறு தெலுங்கு நாட்டிலிருந்து வந்த வம்சத்தில் உதித்தவனே. ஆனால் வாளோடு வந்தவர்களைப் பற்றி எழுதிய சரித்திரக்காரர்கள், ஏரோடு வந்தவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அந்தச் சரித்திரம் பாட்டிமார் வாயிலேதான் ஜீவித்திருந்தது.

பாட்டிமார் சொன்ன கதை இதுதான். பேரழகியான ஒரு பெண்ணை அரசன் ஒருவன் விரும்பினான். பெண்ணைக் கொடுக்க மனமில்லாத சுற்றத்தார் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள். பின்னால் குதிரைப் படை. முன்னால் கரைபுரளும் ஆறு. அப்போது கரையில் நின்ற மரம் ஒன்று வளைந்து கொடுக்க, அதன்மேல் ஏறி அக்கரை சேர்ந்தார்கள். இதே கதையைச் சிற்சில மாறுதல்களுடன் வேறு சமூகத்தாரும் தங்கள் கதையாகச் சொல்லுகிறார்கள். ஆகவே இதைச் சாட்சியமாக வைத்து எந்த அரசன்மீதும், எந்த மதத்தார்மீதும் வழக்குத் தொடுப்பதற்கில்லை. எனினும், ஊரை விட்டு ஓடிவந்தவர்களின் நெஞ்சிலிருந்த பயமும், அந்நிய மண்ணில் கால் வைத்தபோது உண்டான ஆறுதலும் பொய்யாக இருக்க முடியாது. 1976-ல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ என்னும் நவீனத்தில், மங்கத்தாயாரு அம்மாள் என்ற தொண்டுகிழவியின் வாய்மொழியாக இக்கதையை அமைத்தார் ராஜநாராயணன்.

வந்தவர்கள் கண்டது வயலன்று, காடு. முள்ளையும் கள்ளியையும் தீயிட்டும் வெட்டியும் அழித்தார்கள். வேர்களைத் தோண்டி எடுத்தார்கள். அதன் பிறகுதான் மண்ணோடு போராட்டம் தொடங்கிற்று. கரிசல் மண் அலாதியான சுபாவமுடையது. மழை பெய்தால் களியாகி மாட்டின் குளம்பையும் மனிதன் காலையும் பற்றிக்கொள்ளும். காய்ந்தாலோ கல்லாக இறுகிப் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே, உழுவதற்குப் பக்குவமாக ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே. அந்த நாட்களைத் தவறவிட்டவன் அந்த வருஷத்தையே தவறவிட்டவன். ஆற்றுப் பாசனம் கிடையாது. பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. ஐப்பசி கார்த்திகை மழையே தெய்வம். ஆனால் இம்மண்ணுக்கு ஒரு பெருங்குணமும் உண்டு. குடித்த ஈரத்தை லேசில் விடாது. மழை நின்ற பிறகும் அடிமண் ஈரத்தைக் கொண்டே பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்துவிடும். இந்த ரகசியத்தைப் புத்தகம் பார்த்தா கற்றார்கள்? நட்டமடைந்து, பட்டினி கிடந்து கற்றார்கள். கோவில்பட்டியில் சர்க்கார் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது 1901-ல்தான்.

களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெரும்பாலும் ஸ்திரீகளின் கையில். வெயிலில் குனிந்து, மடி நிறையப் பருத்தி சேர்த்த அந்தத் தாய்மார்களின் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறியதாக நாம் கேள்விப்படுவது அரிது.

விளைந்ததற்குத் தீர்வை உண்டு, விளையாததற்கும் உண்டு. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையில், தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ரயில் வண்டி விளையாடிய குழந்தைகளுக்கு அது கதவு மாத்திரமா? பல தலைமுறை கரிசல் குடியானவர்களின் கணக்கு வழக்கு முழுவதும் அந்த ஒரு கதவில் அடங்கியிருக்கிறது.

அவரும் ஏட்டில் மட்டும் விவசாயம் செய்தவரல்லர். சம்சாரியாக வாழ்ந்து, விவசாயிகளின் கிளர்ச்சிகளில் சேர்ந்து, சிறையும் சென்றவர். 1958-ல் அச்சேறிய ‘மாயமான்’ மூலம் எழுத்துலகில் கவனம் பெற்றபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் படிப்போ சொற்பம். வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுதியதெல்லாம் தமிழ். அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழ்! கரிசல் ஜனங்களின் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தார். பின்னாளில் புதுவைச் சர்வகலாசாலை அவரை ஆசிரியராக அழைத்துக்கொண்டது. பட்டம் பெற்ற எங்களைப் போன்ற உபாத்தியாயர்கள் சற்றே கூச்சத்துடன் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. சுதந்திரப் போராட்ட காலத்துக் கிராமத்தைச் சொல்லும் ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ராஜநாராயணன் கிடைத்தார். மற்றக் குடும்பங்களின் கதி என்ன? வகுப்பில் பிள்ளைகளிடம் பாட்டனாரின் தகப்பனார் பெயரைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட, முன்னோர் வேரறுத்த பல நிலங்களில் சீமைக்கருவேலமரம் மறுபடியும் காடாக எழுந்திருக்கிறது. நிலம் போனாலும் பத்திரமாவது இருக்கும். தாத்தா வெட்டிய கிணறு எது, எந்தப் பஞ்சத்தில் எந்த மாட்டை விற்றார்கள், வடக்கே எந்த ஊர் நம் ஊர் என்பதற்கெல்லாம் பாட்டியைத் தவிர வேறு பத்திரம் கிடையாது. வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவள் சொல்வதை அவள் சொல்லும் பாஷையிலேயே எழுதி வைப்பதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

2021-ம் வருஷம் மே மாதம் ராஜநாராயணன் புதுவையில் காலமானார். அவருடைய உடலை அங்கேயே வைத்துக்கொள்ளவில்லை; இடைசெவலுக்குக் கொண்டு வந்து, அரசாங்க மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்தார்கள். மறு வருஷம் கோவில்பட்டியில் அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அவ்வழியே போகும் நேயர்கள் மண்டபத்தைப் பார்த்த கையோடு, இடைசெவல் பக்கம் இறங்கி, ஒரு பிடி கரிசல் மண்ணையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். மழைக்காலமாயிருந்தால் அது கையை விட்டுச் சுலபத்தில் போகாது.