ஏரி வேறு, கிணறு வேறு அல்ல

திருவண்ணாமலை மாவட்டத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கம் கிணற்றுத் தண்ணீரைப் பெரும்பாலும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டில் நாள் முழுக்க ஓடும். அதே மோட்டார் சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காற்றை இழுத்தால் நெல் நட்டவர் பாடு திண்டாட்டம். மணிலா (நிலக்கடலை) போட்டவர் ஓரளவு தப்பிப்பார்.

ஏரிக்கும் கிணற்றுக்கும் என்ன உறவு? விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். மேலே சில மீட்டருக்குச் சிதைந்த பாறை அடுக்கு. மழைநீர் தங்குவது பெரும்பாலும் அதில்தான். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் ஓடும். ஆழமாக போர் போட்டால் புதுத் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்குகிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது மேலடுக்கில் ஊறி வெடிப்பு வழியாக இறங்கிய அதே தண்ணீர்தான். பக்கத்து நிலத்துத் திறந்த கிணறு வற்றுவது அதனால்தான்.

அந்த மேலடுக்கை நிரப்புவது ஏரி. மூன்று நான்கு மாதம் தேங்கும் நீர் கசிந்து ஆயக்கட்டுக் கிணறுகளை ஊற வைக்கிறது. ஏரிகளும் தனித்தனியானவை அல்ல. கீரனூரில் துரிஞ்சலாற்று நீரைத் திருப்பி விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரி வரை கொண்டுபோகும் நந்தன் கால்வாய் வழியில் எத்தனையோ ஏரிகளை நிரப்பும்படி அமைந்தது. நடுவில் ஓரிடம் தூர்ந்தால் அதற்குக் கீழே உள்ள ஏரிகளும் அவற்றை நம்பிய கிணறுகளும் சேர்ந்தே காயும்.

இந்தப் பகுதி ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிதல்ல. 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களைத் தேர்ந்து ஆராய்ந்தார்கள். திருவண்ணாமலையும் கீழ்பென்னாத்தூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. பசுமைப் புரட்சி விதைகள் என்ன செய்தன என்பதே அவர்கள் கேள்வி. அந்த ஆய்வுகளை பி. எச். ஃபார்மர் தொகுத்த நூல் 1977-ல் வந்தது. 1980-களிலும் 1990-களிலும் ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். இவ்வளவு நீண்ட காலம் கவனிக்கப்பட்ட வேளாண் பகுதிகள் இந்தியாவில் அதிகம் இல்லை.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் இந்த மாவட்டத்துக் கிணறுகளைப் பற்றி எழுதியவை இன்றைக்கும் படிக்க வேண்டியவை. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்து நிலத்தவரும் ஆழப்படுத்துகிறார். பணம் தீர்ந்தவர் போட்டியிலிருந்து விழுகிறார். பிறகு தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சொந்தக் கிணறு வந்ததும் வசதியுள்ளவருக்கு ஏரி வேலையில் அக்கறை குறைகிறது. கால்வாய் தூர் வார முன்நிற்க வேண்டியவரே விலகிவிட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் விலகிப்போனவரின் கிணறும் ஊறாது.

பம்புசெட்டுக்கு வந்த இலவச மின்சாரம் ஏழை விவசாயியைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. இறைப்பு கூடியதும் உண்மை. 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் நீக்கப்பட்டது. 2007-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் 63 உபவடிநிலங்களை எடுத்துக்கொண்டு, பல துறைகளை ஒரே இடத்தில் சேர்த்து வேலை செய்ய வைத்தது. சரியான யோசனை அது. ஆனால் மதகும் கரையும் கட்டுவது எளிது, கிணற்றைக் கணக்கில் எடுப்பது கடினம்.

2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் பாய்ந்து ஊர்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளம் கடலுக்குப் போய்விட்டது. கோடையில் மோட்டார் ஓட உதவுவது அவரவர் ஊர் ஏரியில் நின்ற தண்ணீர்தான்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. அதே மாதங்களில் உங்கள் ஊரிலும் ஐந்து கிணறுகளைக் கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் ஏரி வேலையின் செலவுக் கணக்கைப் படிக்கும்போது, இந்தக் கணக்கையும் படிக்கச் சொல்லுங்கள்.