கம்போஸ்: ஒரு சொல், பல பொருள்

ஆங்கில மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைக் குழப்பும் சொற்களில் ஒன்று ‘கம்போஸ்’. வகுப்பில் கம்போஸிஷன் எழுதச் சொல்கிறார்கள். பாட்டுக்கு மெட்டுப் போடுபவர் கம்போஸர். அழுகிறவரைப் பார்த்து ‘கம்போஸ் யுவர்செல்ஃப்’ என்கிறார்கள். இவை ஒரே சொல்லா, ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா என்று நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னைக் கேட்டார்கள். நான் மொழிப் பண்டிதன் அல்லன். ஆனால் ரயில்வேயில் இந்தச் சொல்லோடு முப்பது வருஷத்துக்கு மேல் புழங்கியவன்.

ஒரே சொல்தான். லத்தீனில் ‘போனேரே’ என்றால் வைத்தல். ‘கோம்’ என்றால் சேர்த்து. ஆகச் சேர்த்து வைப்பது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. லத்தீனில் ‘பௌஸாரே’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது. நிறுத்துதல், ஓய்தல் என்று பொருள். ‘பாஸ்’ என்னும் இடைநிறுத்தம் அதிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு மொழியில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. எனவே சேர்ப்பதும் ஓய்வதும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட சொல் இது. ‘கம்போஷர்’ என்பதற்கு 1600 வாக்கில் ஆக்கம் என்றுதான் அர்த்தம். நிதானம் என்ற அர்த்தம் 1660களில்தான் ஏறியது.

நம் தலைமுறைக்குக் கம்போஸிங் என்றால் அச்சாபீஸ். ஈய எழுத்துகளை அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழான இடவலத்தில் அடுக்குவார்கள். தமிழில் இதை அச்சுக்கோத்தல் என்றார்கள். பூக்கோப்பதுபோல் கோப்பது! அழகான மொழிபெயர்ப்பு. (‘கோர்த்தல்’ என்று எழுதுவது பிழை.)

ரயில்வேயில் கம்போஸிஷன் என்றால் வண்டியில் எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி என்ற வரிசை. அது மாறினால் என்ன ஆகும் என்று, மூட்டையும் குழந்தையுமாகப் பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியவர்களைக் கேளுங்கள். பிரேக் கட்டையிலும் இந்தச் சொல் உண்டு. முன்பு வார்ப்பிரும்புக் கட்டைகள். வேகம் கூடினால் அவற்றின் பிடிமானம் குறையும். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும். பல பொருள்களைக் கலந்து அழுத்திச் செய்த ‘கம்போஸிஷன்’ கட்டைகள் எடை குறைவு, பிடிமானமும் வேகத்தோடு அவ்வளவாக மாறாது. ஆனால் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடெல்லாம் சக்கரத்தின் தலையில்தான்.

மன நிதானம் என்ற பொருளையும் நான் ரயில் பாதையில்தான் பார்த்தேன். வண்டி நடுவழியில் தடம் புரண்டால், கார்டு (2022 முதல் ‘டிரெயின் மானேஜர்’) செய்ய வேண்டியதை விதி வரிசைப்படுத்தியிருக்கிறது. பக்கத்துப் பாதை அடைபட்டிருந்தால் முதலில் அதற்குக் காப்பு. அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர். 1200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. திரும்ப அழைக்கப்பட்டால் அந்த மூன்றையும் விட்டுவிட்டு, வழியில் வைத்த ஒன்றை மட்டும் எடுத்து வர வேண்டும். ஒரு சரக்கு வண்டி விபத்தன்று இரவு, ஒரு கார்டு கைவிளக்கோடு போவதைப் பார்த்தேன். விளக்கு ஆடியதிலேயே கை நடுங்குவது தெரிந்தது. ஆனால் தந்திக் கம்பங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது விளக்கு ஆடவில்லை. எதிரே வரவிருந்த வண்டி நின்றது. பயந்தவரிடம் ‘அமைதியாக இரு’ என்று சொல்வதைவிட, முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வேலையைக் கையில் கொடுப்பது பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் இதை யோசிக்கலாம்.

‘காம்போஸ்’ என்று ஒரு மாத்திரை வந்ததே, படபடப்புக்கு, அதற்குப் பெயர் வைத்தவரும் காம், கம்போஸ் இரண்டையும் ஒட்டவைத்திருப்பார் போலும்.

சரி, இத்தனைக்கும் தமிழில் எத்தனை சொல் தேவை? ஒரு வேர் போதும்: அமை. அமைதல் என்றால் அடங்குதல், பொருந்துதல், நிறைதல். அமைத்தல் என்றால் உண்டாக்குதல். கம்போஷர் அமைதி, கம்போஸிஷன் அமைப்பு, கம்போஸர் இசையமைப்பாளர். லத்தீனிலும் பிரெஞ்சிலும் இரண்டு சொற்கள் மோதி உண்டான சேர்க்கை, நம்மிடம் ஒரே வேரில் இருக்கிறது. ஹிந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அகராதிகூட வேண்டாம்.

இன்னொரு பொருளும் உண்டு. ‘பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது’ என்று ஊரிலிருந்து போன் வருகிறது. தேடியது, கிடைத்தது, பொருந்தியது, மனசு ஆறியது எல்லாம் அதில் அடக்கம். இதை ஆங்கிலத்தில் ‘கம்போஸ்ட்’ என்று சொல்லிப் பாருங்கள், எருவென்று நினைப்பார்கள். அந்தக் கம்போஸ்ட் எருவும் இதே லத்தீன் வேரில் முளைத்ததுதான்.