எல்லையோர மரங்கள் – 7: மரக்கடைக் கணக்கும் கார்பன் கணக்கும்

சென்ற வாரம் சந்தனத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் தேக்கு.

ஓசூரைச் சுற்றியுள்ள தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கம் வரப்பிலும் வேலியோரத்திலும் தேக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மரத்தை வெட்டாமலே, அது காற்றிலிருந்து இழுத்துச் சேர்க்கும் கார்பனுக்காகக் காசு என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும். கொடுக்கலாம், ஆனால் தேக்குப் பணம் என்றதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு இன்னமும் வயிறு கலங்கும். 1990களில் தேக்குத் திட்டம் என்று விளம்பரம் செய்து பொதுமக்களிடம் பணம் திரட்டிய சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998ல் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி விதிமுறை கொண்டுவந்தது. மரம் பருக்கும் வேகம் வேறு, விளம்பரம் ஓடும் வேகம் வேறு.

சரி, ஒரு தேக்கில் எவ்வளவு கார்பன்தான் இருக்கிறது? 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். மரக்கடைக்காரர் நூலைச் சுற்றிப் பிடித்து, அதை நாலாய் மடித்து, வந்த ஓர் அடியை ஓர் அடியால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார். 10 கன அடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது 12.7 கன அடி. சேதாரம் என்ற பெயரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதலிலேயே கழிந்துவிடுகிறது. கார்பன் கணக்கு அப்படிக் கழிக்காது. அதற்குக் கிளையும் கணக்கு, மண்ணுக்குள் இருக்கும் வேரும் கணக்கு.

கட்டையை மட்டும் பார்ப்போம். 12.7 கன அடித் தேக்கு நன்றாகக் காய்ந்தால் சுமார் 200 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி கார்பன். 100 கிலோ கார்பன் என்பது காற்றிலிருந்து இழுத்த 367 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்கு அந்த வாயு வரும். ஆக, கட்டை ஈடுகட்டுவது சுமார் 136 லிட்டர். ஓசூர் சிப்காட்டில் சரக்கேற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால், சென்னை போய்த் திரும்பும் வழியில் வாணியம்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். அந்தக் கட்டை அவ்வளவு பருக்க இந்த மண்ணில் 30 வருடமாவது ஆகும். தேக்கு செழிக்க 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். இங்கே 850 வாக்கில்தான் பெய்கிறது.

வெட்டிய பிறகும் கணக்கு முடிவதில்லை. நிலைக்கதவானால் கார்பன் அதிலேயே இரண்டு மூன்று தலைமுறை தங்கும். கிளையும் தூளும் அடுப்புக்குப் போனால் அன்றைக்கே காற்றில் கலந்துவிடும். பெங்களூரு நெருங்கிவரும் இந்தப் பகுதியில் தோட்டமே மனைப்பிரிவாகிற பயம் வேறு. கார்பன் ஒப்பந்தம் பல பத்தாண்டுகளுக்கு மரம் நிற்க வேண்டும் என்று கேட்கும். நிலம் கைமாறினால் அந்தப் பொறுப்பு யார் தலையில்? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விலை அப்புறம்.

இன்னொன்று. கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள் யாரும் கேட்காமலே நாற்பது ஐம்பது வருடம் கார்பனைச் சுமந்து நிற்கின்றன. அவற்றுக்குக் காசு கிடையாது. கார்பன் திட்டத்துக்கு முன்பே நின்றவை புது வரவாகாது. தோப்பை அழித்துத் தேக்கு நட்டாலும் லாபமில்லை. போன மாமரத்தின் கார்பனை முதலில் கழித்துவிட்டுத்தான் தேக்குக் கன்றுகளுக்கு வரவு எழுதுவார்கள்.