பெங்களூரில் பந்து ஏன் பவுலர் பேச்சைக் கேட்பதில்லை?

2024 ஏப்ரல் 15 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஹைதராபாத் அணி 20 ஓவரில் 287 ரன் குவித்தது. ஐபிஎல்லில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண்ணிக்கை. சிக்ஸர்கள் மட்டும் 22. பெங்களூரு அணியான ஆர்சிபியின் டாப்லி 68, வைசாக் 64, ஃபெர்குசன் 52, யஷ் தயாள் 51 என்று நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் ஆளுக்கு ஐம்பதைத் தாண்டிக் கொடுத்தார்கள். தினேஷ் கார்த்திக் 35 பந்தில் 83 அடித்தும், 262 ரன் சேர்த்தும், ஆர்சிபி 25 ரன்னில் தோற்றது.

இதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: பெங்களூரு மேட்டு ஊர், காற்று லேசு, அதனால் பந்து பறக்கிறது. சரிதான், ஆனால் எவ்வளவு சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது.

கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பினால், காற்றே இல்லாத உலகில் அது 160 மீட்டர் போய் விழும். நம் உலகில் நூறு மீட்டரைத் தொடுவதே கஷ்டம். அந்த வேகத்தில் காற்று பந்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறத்தாழ அந்தப் பந்தின் எடைக்கே சமம் என்பதுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத காற்று, பூமியின் ஈர்ப்புக்கு இணையாக நின்று சிக்ஸரைத் தடுக்கிறது. பவுலருக்கு இதைவிடப் பெரிய கூட்டாளி கிடையாது.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து விழுக்காடு குறைவு. ஊர் குளிர்ச்சியாக இருப்பதால் காற்று சற்றே சுருங்கி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது. மொத்தத்தில் காற்றின் அடர்த்தி எட்டு விழுக்காடு போலக் குறையும். சேப்பாக்கத்தில் 80 மீட்டர் போகும் அடி, இதனால் இங்கே இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான். 22 சிக்ஸருக்கு இந்தக் கணக்கு போதாது.

ஆனால் மெல்லிய காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. ஸ்விங்கும் காற்றின் தயவுதான். தையலின் இரு பக்கமும் காற்று வேறு வேறு விதமாகப் பிரிந்து போவதால் பந்து ஒரு பக்கம் விலகுகிறது. சுழலும் பந்து காற்றில் வளைவதும் கீழே இறங்குவதும் அப்படியே. அடர்த்தி எட்டு விழுக்காடு குறைந்தால் இந்த விசைகளும் அதே அளவு குறையும். அரை மீட்டர் விலக வேண்டிய பந்து 46 சென்டிமீட்டர்தான் விலகும். நான்கு சென்டிமீட்டர் ஒரு பொருட்டா? மட்டையின் அகலம் விதிப்படி 10.8 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தரை சென்டிமீட்டர்கூட இல்லை. விளிம்பில் பட்டு கீப்பரிடம் போக வேண்டிய பந்தை மட்டையின் நடுப்பகுதிக்கு அருகே கொண்டுவர அந்த நான்கு போதும்.

அடுத்து மைதானத்தின் அளவு. ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக் கோடு குறைந்தது 59.43 மீட்டர், அதிகபட்சம் 82.29 மீட்டர் என்பது ஐசிசி விதி. சின்னசாமியின் கோடுகள் சிறிய எண்ணின் பக்கம் சாய்ந்தவை. டி20 பவுலரின் முக்கியமான சூழ்ச்சியை இது பாழாக்குகிறது. வேகத்தைக் குறைத்து ஏமாற்றினால் அடி சரியாகப் படாது, பந்து 68 மீட்டர் போய் எல்லைக் கோட்டருகே நிற்பவர் கையில் விழும். பெரிய மைதானத்தில் அது விக்கெட். இங்கே அது சிக்ஸர். ஏமாந்தவனுக்கும் ஆறு ரன் கிடைக்கும் இடத்தில், ஏமாற்றுவதை மட்டும் நம்பிப் பந்து வீச முடியாது.

இந்தத் தலைவலி பேஸ்பாலுக்கும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1995இல் அங்கே கூர்ஸ் ஃபீல்டு மைதானத்தைக் கட்டியவர்கள், பந்து தூரம் போகும் என்று தெரிந்தே வேலியைத் தள்ளிப் போட்டார்கள். வெளிக்களம் அகன்றதும் களத்தடுப்பாளர்களுக்கு நடுவே இடைவெளி பெருகி, அங்கே விழும் அடிகள் கூடின. வேலிக்கு மேல் பறப்பதும் நிற்கவில்லை. 1999இல் 81 ஆட்டங்களில் 303 ஹோம் ரன்கள். வளைந்து இறங்க வேண்டிய பந்துகளோ போதிய அளவு வளையவில்லை. உலர்ந்த மலைக்காற்றில் பந்து காய்ந்து, கடினமாகி, கையில் வழுக்கவும் செய்தது. கடைசியில் 2002இல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கத் தொடங்கினார்கள். ஹோம் ரன்கள் குறைந்தன. ஊரின் உயரத்தை மாற்ற முடியாதவர்கள் பந்தின் நிலையை மாற்றினார்கள்.

பெங்களூரில் பவுலர் மாற்றக்கூடியது எது? 2017 பிப்ரவரி 1 அன்று, இதே சின்னசாமியில், இந்தியா வைத்த 203 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 119 என்று வலுவாக இருந்தது. 127க்குள் எல்லோரும் அவுட். எட்டு ரன்னுக்கு எட்டு விக்கெட். சுழல் பந்துவீச்சாளர் யுஸ்வேந்திர சாஹல் 25 ரன் கொடுத்து ஆறு பேரை வீழ்த்தினார். காற்றும் கோடும் அன்றும் அவைதான். ஆர்சிபிக்காகப் பல ஆண்டுகள் இந்த மைதானத்தில் பிழைத்த சாஹலின் வழி, மட்டையாளர் கை நீட்டி எட்டி அடிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகப் போடுவது. எட்டி அடித்தால் உடலின் பலம் அடியில் சேராது. வெறும் ஏமாற்று வேலை அடியின் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்றால், இது இன்னும் அதிகமாகக் குறைக்கும். 287 வாங்கிய இரவிலோ தேர்ந்த சுழல் பந்துவீச்சாளர் ஒருவர்கூடப் பந்து வீசவில்லை. பகுதிநேரச் சுழலர்கள் ஜாக்ஸும் லோம்ரோரும் நான்கு ஓவரில் 50 கொடுத்தார்கள்.

பந்தின் நிலை என்ன செய்யும் என்பதற்குச் சான்று ஒரு மாதம் கழித்து வந்தது. 2024 மே 18, இதே மைதானத்தில் ஆர்சிபியை எதிர்த்து ஆடிய சென்னை அடுத்த சுற்றுக்குப் போகக் கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும். யஷ் தயாளின் முதல் பந்தைத் தோனி 110 மீட்டர் தூக்கி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். ஈரமாகி வழுக்கிய பந்து போய், உலர்ந்த பந்து வந்தது. அடுத்து தயாள் வேகம் குறைத்துப் போட, தோனி கேட்ச் கொடுத்தார். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். அந்த சிக்ஸரே தங்களுக்குச் சாதகமாகிவிட்டது என்று கார்த்திக் பிறகு வேடிக்கையாகச் சொன்னார். வேகம் குறைந்த பந்து விரலிலிருந்து சரியாகப் புறப்பட வேண்டும். அதற்குப் பிடி வேண்டும், பிடிக்கு உலர்ந்த தோல் வேண்டும்.

அந்த ஆண்டு இறுதி ஏலத்தில் ஆர்சிபி ஹேசல்வுட், புவனேஷ்வர் குமார், குருணால் பாண்டியா மூவரையும் எடுத்தது. காற்றில் பந்து வளைவதை மட்டும் நம்பி இருப்பவர்கள் அல்ல இவர்கள். பந்தை எங்கே குத்துவது என்பதில் கறாரானவர்கள். 2025இல் லீக் சுற்றின் ஏழு வெளியூர் ஆட்டங்களையும் வென்று, அகமதாபாத் இறுதியில் குருணால் 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுக்க, அணி முதல் கோப்பையைத் தூக்கியது. அதே ஆண்டு சொந்த ஊரில் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றார்கள். அவற்றில் ஆர்சிபி எடுத்தது 169, 163, மழையால் 14 ஓவராகச் சுருங்கிய ஆட்டத்தில் 95. பந்து பறக்கும் ஊர் என்று பேர் வாங்கிய இடத்தில் அந்த அணியின் மட்டையாளர்களே தடுமாறினார்கள். உயரம் தருவது இரண்டு மூன்று மீட்டரும் சற்றே குறைந்த வளைவும்தான், மீதி எல்லாம் எல்லைக் கோடும், ஆடுகளமும், பந்தை எங்கே போடுவது என்ற முடிவும் தீர்மானிப்பவை.