ஜே.சி. டேனியல்: முதல் காட்சியும் மறு காட்சியும்

மலையாள சினிமாவுக்கு வாழ்நாள் உழைப்பைத் தந்தவர்களுக்குக் கேரள அரசு கொடுக்கும் ஆக உயர்ந்த விருது ஜே.சி. டேனியல் விருது. 1992-இல் தொடங்கினார்கள். இன்று பரிசுத் தொகை 5 லட்சம் ரூபாய். முதலில் வாங்கியவர் தயாரிப்பாளர் டி.இ. வாசுதேவன், பிறகு வந்தவர்களில் யேசுதாஸ் உண்டு, அடூர் கோபாலகிருஷ்ணன் உண்டு. கேரளத்தின் முதல் இயக்குநரான இந்த டேனியலுக்காக அதே அரசிடம் ஒரு காலத்தில் கேட்கப்பட்டது நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை மட்டும்தான். அது கிடைக்கவில்லை. அவர் இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். 1975-இல் டேனியல் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் ஏழையாகவே இறந்தார்.

2013-இல் கமல் (மலையாள இயக்குநர், நம் கமல் அல்ல) இயக்கிய ‘செல்லுலாயிட்’ இந்த மனிதரின் கதை. பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். இருபதுகளின் கடைசியில் கோட்டும் கனவுமாகத் திரியும் இளைஞனும் அவரே, அறுபதுகளில் சினிமா என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பிக்கொள்ளும் கிழவரும் அவரே. மறக்கப்பட்ட கலைஞரைப் பற்றிய படங்களில் வழக்கமாக ஒரு நழுவல் இருக்கும். காலம் கொடியது, ரசிகர்கள் நன்றி கெட்டவர்கள் என்று பொதுவாகப் புலம்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். டேனியல் விஷயத்தில் அப்படி நழுவ முடியாது. அவரைக் காலம் மறக்கவில்லை, ஆட்கள் மறந்தார்கள். யார் யார், எந்தக் காரணத்துக்காக என்று கணக்குச் சொல்ல முடிகிற மறதி அது.

டேனியல் வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. களரியில் பைத்தியம், வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். சினிமாவில் களரியைக் காட்டினால் உலகம் பார்க்கும் என்று நினைத்துதான் சினிமா பக்கம் வந்தார். மதராசில் படப்பிடிப்பைப் பார்க்க வாசலில்கூட விடவில்லை. பம்பாய் போனார். தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றும், பிள்ளைகளுக்குச் சினிமா பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் ஸ்டூடியோக்காரர்களிடம் சொல்லி உள்ளே நுழைந்தார். அந்தப் பொய்தான் அவருக்குத் திரைப்படக் கல்லூரி. பூர்வீகச் சொத்தை விற்று, கேமராவும் கருவிகளும் வாங்கி, திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்று பலகை மாட்டினார்.

எடுத்த படம் ‘விகதகுமாரன்’. காணாமல் போன பிள்ளை என்று பொருள். திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பையனை வில்லன் இலங்கைக்குக் கடத்திப்போகிறான். பையன் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து மேலே வருகிறான். கடைசியில் ஒரு தழும்பை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இன்றைக்குக் கேட்டால் நூறு படத்தில் பார்த்த கதை. அன்றைக்கு அப்படியில்லை. பால்கே முதல் பலரும் புராணத்தில் நின்றுகொண்டிருந்த காலம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ பாரதக் கதை. டேனியலோ முதல் படத்திலேயே ராமனையும் கிருஷ்ணனையும் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்தார். வில்லனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் வாங்கிய பி.எஸ். சரோஜாவின் தகப்பனார். கடத்தப்படும் சிறுவன் டேனியலின் சொந்த மகன்.

புராணத்தை விட்டதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சீதையாக யார் நடித்தாலும் அது சீதை. நாயர் வீட்டுப் பெண் சரோஜினியாக ஒருத்தி நடித்தால், அவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள்.

குடும்பப் பெண்கள் நடிக்க வராத காலம். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகையின் கோரிக்கைகள் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கிடைத்தவர் ரோஸி. புலையர் என்ற தலித் சமூகத்தவர், புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடியவர். ‘செல்லுலாயிட்’ படத்தில் என்னை நிறுத்திய இடம் இங்கேதான் வருகிறது. படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டு நேரம். ரோஸியாக வரும் சாந்தினி, கொண்டுவந்த கஞ்சியோடு ஒதுங்கி வெளியே போய் உட்காரப் பார்க்கிறார். டேனியலும் மனைவி ஜானெட்டும் உள்ளே வந்து எல்லோரோடும் உட்காரச் சொல்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை தலையாட்டுகிற அந்தப் பெண்ணுக்கு இதற்கு மட்டும் உடம்பு இணங்கவில்லை. காலையில் கேமரா முன்னால் நாயர் வீட்டுப் பெண்ணாகத் தலை நிமிர்ந்து நின்றவர் அவர்தான். கமல் இந்த இடத்தில் வசனத்தை நம்பாமல் நடிகையின் தோளையும் காலையும் நம்பியிருக்கிறார். படத்தின் மிகச் சிறந்த சில நிமிடங்கள் இவை.

பிறகு திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னால் கிடைத்த சான்றுகளைக் கொண்டு 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். புகழ்பெற்ற வக்கீல் மள்ளூர் கோவிந்த பிள்ளை தொடங்கி வைத்தார். ஊர்ப் பெரியமனிதர்கள் முன்வரிசையில். தன் முகத்தைத் திரையில் பார்க்க ஆசையோடு வந்த ரோஸியை உள்ளே விடவில்லை. அவள் உட்காரும் கொட்டகையில் நாங்கள் உட்கார மாட்டோம் என்று பெரியமனிதர்கள் சொல்ல, மறு காட்சிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டேனியலே அவரை வெளியே நிறுத்தி வைப்பதாக ‘செல்லுலாயிட்’ காட்டுகிறது. டேனியல் நல்லவர்தான்; காசு போட்டவரும்தான். முதல் காட்சி நடந்தாக வேண்டும். ஆனால் படம் ஓட ஓடக் கூச்சல் எழுந்தது. நாயர் பெண் வேடத்தில் ஒரு புலையப் பெண். அவள் கூந்தலில் இருக்கும் பூவைக் கதாநாயகன் முத்தமிடுகிறான். திரையைக் கல்லால் கிழித்தார்கள். ரோஸியைத் துரத்தினார்கள். அவர் குடிசையும் தப்பவில்லை. மறு காட்சி என்று அவருக்கு ஒன்று நடக்கவே இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு இருவர் பாதையும் கிழக்கே திரும்புகிறது. ரோஸி ஒரு லாரியில் ஏறித் தப்பித்து, அந்த லாரியை ஓட்டியவரையே கட்டிக்கொண்டு, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். டேனியல் கடனில் ஸ்டூடியோவை இழந்து, பல் மருத்துவராகித் தமிழ் ஊர்களில் பிழைத்தார். புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா நாற்பதுகளின் உச்ச நட்சத்திரம். அவர் சந்திப்பில் டேனியலுக்கு மறுபடி சினிமா ஆசை மூண்டதாகவும், சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு மதராசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதாகவும் படம் காட்டுகிறது. பிறகு அகஸ்தீஸ்வரம். கேரளத்தின் முதல் இயக்குநரும் முதல் நாயகியும் தங்கள் கடைசிக் காலத்தில் ஒரே மாவட்டத்தில், ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

அந்த மாவட்டம் கைமாறியது 1956 நவம்பர் 1 அன்று. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நமக்கு அது மார்ஷல் நேசமணியின் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி. நியாயமான வெற்றியும்கூட. ஆனால் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் விழுந்த ஒரு கிழவர், எந்த மாநிலத்துக் கோப்பிலும் அடங்காதவராகிப் போனார். இங்கே அவர் எடுத்த தமிழ்ப் படம் எதுவும் இல்லை. அங்கே அவர் மலையாளி இல்லை.

பத்திரிகையாளர் சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் அறுபதுகளில் இவரைக் கண்டுபிடித்து எழுதினார். அதுவரை மலையாளத்தின் முதல் படம் என்றால் ‘பாலன்’ (1938). சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்தது. பேசும் படத்தில் அதுதான் முதல், சந்தேகமில்லை. அதற்கு முன்னால் ஒரு ஊமைப்படம் உண்டு, எடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சேலங்ஙாட்டு சொன்னபோது, ஊமைப்படத்துக்கு ஏது மொழி, அதை எப்படி மலையாளப் படம் என்பது என்று மறுகேள்வி வந்ததாம். இந்தக் கேள்வியைப் பால்கேவிடம் யாரும் கேட்கவில்லை. மராட்டியம் பேசாத ‘ராஜா ஹரிச்சந்திரா’ இந்திய சினிமாவின் தொடக்கம். மலையாளம் பேசாத ‘விகதகுமாரன்’ மட்டும் எதற்கும் தொடக்கமில்லை. டேனியலின் சாதிதான் உண்மையான தடை என்று சேலங்ஙாட்டு கடைசிவரை சொல்லி வந்தார். ‘செல்லுலாயிட்’ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஓர் அமைச்சரையும் ஒரு உயரதிகாரியையும் அடையாளம் தெரியும்படி காட்டியது. கே. கருணாகரனையும், எழுத்தாளரும் ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான மலையாற்றூர் ராமகிருஷ்ணனையும்தான் சொல்கிறது என்று படம் வந்தபோது பெரிய சண்டை. ஆட்களைத் தேடிப் பழி சொல்வதைவிட எனக்கு அந்தக் கேள்விகளின் சாமர்த்தியம்தான் முக்கியமாகப் படுகிறது. ஊர் எல்லை, மொழி இலக்கணம் எல்லாம் விதிப்படி சரி. ஒரு கிழவருக்கு மாதா மாதம் கொஞ்சம் பணம் கொடுக்காமல் இருக்க இவ்வளவு விதிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

படத்தின் முடிவில் டேனியலின் இளைய மகன் மேடையேறி ஒன்றைச் சொல்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது, வீட்டில் கிடந்த படச்சுருளைக் கொளுத்தி விளையாடியது தான்தான் என்று. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்ளும், குழந்தைக்கு வேடிக்கை. ‘விகதகுமாரன்’ போனது அப்படித்தான். அடுத்து வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933), டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்தது, கதை உரிமை வழக்கில் நீதிமன்றம் பறிமுதல் செய்ததால் அலமாரிக்குள் பத்திரமாகக் கிடந்தது. இன்று புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வழக்கில் சிக்கிய படம் தப்பியது, வீட்டில் பாசத்தோடு வைத்த படம் எரிந்தது. நம் ‘கீசக வதம்’ கூடத் தப்பவில்லை. நடராஜ முதலியாரின் கதையும் சோகத்தில் குறைந்ததில்லை. புரசைவாக்கம் ஸ்டூடியோ தீயில் போனது, மகன் போனான், சினிமாவை விட்டார். அவரைப் பற்றி ஒரு முழு நீளப் படம் எடுக்கத் தமிழில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். ‘செல்லுலாயிட்’ 2012-க்கான கேரள மாநிலச் சிறந்த பட விருதை வாங்கியது. பிருத்விராஜுக்கும் நடிப்பு விருது. வைக்கம் விஜயலட்சுமி என்ற பார்வையற்ற பாடகியின் குரல் இந்தப் படத்தோடு தமிழ்நாடு வரை வந்தது. கமல் சில ஆண்டுகள் கழித்து மாநிலச் சலச்சித்ர அகாதெமியின் தலைவரானார். டேனியல் விருதுக்குப் பொறுப்பே அந்த அகாதெமிதான். சேலங்ஙாட்டு இதைப் பார்க்க இருக்கவில்லை, 2010-இல் போய்விட்டார். டேனியலைப் பொறுத்தவரை கணக்கு தீர்ந்தது என்றே சொல்லலாம்.

ரோஸி கணக்கு தீரவில்லை. கமலின் படம் வினு ஆப்ரகாமின் ‘நஷ்ட நாயிகா’ நாவலையும் அடிப்படையாகக் கொண்டது. நாவல் ரோஸியின் கதை. படத்திலோ லாரி கிளம்பியதும் அவர் காணாமல் போகிறார்; மீதிப் படம் முழுக்க டேனியலுக்கு நியாயம் கேட்பதில் கழிகிறது. தலித் விமர்சகர்கள் இதைத்தான் பிடித்தார்கள். எதற்கெடுத்தாலும் தலை குனியும், நன்றியால் கண் கலங்கும் ரோஸி யாருடைய கற்பனை என்று கேட்டார்கள். மேடைக் கூத்தில் ஊரறிய ஆடிய பெண் அவ்வளவு கூசியிருப்பாளா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மதியச் சாப்பாட்டுக் காட்சியை மெச்சிக்கொண்டே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோஸியின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் பிறகு வந்தார்கள். மலையாளத்துப் பெண் கலைஞர்களின் கூட்டமைப்பு 2019-இல் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு பி.கே. ரோஸி என்று பெயர் வைத்தது. சென்னையில் பா. இரஞ்சித்தின் நீலம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவர் முகம் வந்தது.

பெயரோடு கணக்கு முடியவில்லை. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்படக் கொள்கை மாநாடு. பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் படமெடுக்க அரசு ஒன்றரைக் கோடி ரூபாய் கொடுக்கிறது. டேனியல் விருது பெற்ற அடூர் மேடையில், அவ்வளவு தொகையை ஒருவருக்கே கொடுக்காமல் மூன்று பேருக்குப் பிரிக்கலாம் என்றார். மூன்று மாதமாவது பயிற்சி கொடுத்த பிறகே கொடுக்க வேண்டும் என்றார். பாடகி புஷ்பவதி அரங்கிலேயே எழுந்து எதிர்த்தார். சண்டை நாட்கணக்கில் ஓடியது. அடூர் சினிமாவைக் கற்றுக்கொண்டது புனே திரைப்படக் கல்லூரியில். கைத்தொழில் தெரியாமல் கேமராவைத் தொடக்கூடாது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பம்பாயில் வாத்தியார் வேடம் போட்டு எட்டிப்பார்த்ததைத் தவிர டேனியலுக்கு என்ன பயிற்சி இருந்தது, சொந்தப் பணம் இருந்ததால்தானே அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை? மேடையில் இருந்த யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தத் திட்டத்தில் முன்பே வந்த படங்களில் ஒன்று ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’. பெண் உடம்பை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றி ஒரு பெண் எடுத்தது, மாநில விருதும் வாங்கியது. கல் எறியாமல் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.