மார்பு எக்ஸ்-ரே: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின், மருத்துவர் சளிப் பரிசோதனையுடன் மார்பு எக்ஸ்-ரே எடுக்கவும் அறிவுறுத்துவார். படத்தில் ‘நிழல்’ உள்ளது எனக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. படம் இயல்பாக இருப்பதால் மற்றப் பரிசோதனைகளைக் கைவிடவும் கூடாது.

நிழல் என்பது யாது?

எக்ஸ்-கதிர்கள் காற்றை எளிதில் ஊடுருவும். எலும்பு அவற்றைப் பெருமளவு தடுக்கும். ஆகவே, காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், விலா எலும்புகளும் இதயமும் வெண்மையாகவும் தோன்றும். நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழ், நீர், கட்டி அல்லது தழும்பு இருப்பின், அவ்விடமும் வெண்மையாகத் தெரியும். இதனையே நிழல் என்பர்.

நிழல் எந்த நோயைக் குறிக்கிறது?

படம் மட்டுமே இதற்கு விடை கூறாது. நிமோனியா, காசநோய், புற்றுநோய் ஆகியவை ஒன்றுபோல் தோன்றக்கூடும். முன்பு குணமான காசநோயின் தழும்பும் பல ஆண்டுகள் படத்தில் நீடிக்கும். எனவே, சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பரிசோதனை தேவைப்படுகிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அது தெரிவிக்கும். கிருமி காணப்படாவிடினும், பிற சான்றுகளைக் கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்; அதனைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

படம் இயல்பாக இருந்தால்?

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிறிய கட்டிகளும், இதயத்தின் பின்புறம் மறைந்துள்ள பாதிப்புகளும் புலப்படாமல் போகலாம். அறிகுறிகள் தொடர்ந்தால், நுரையீரலை மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

கதிர்வீச்சு எவ்வளவு?

மார்பு எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். இது இயற்கைச் சூழலிலிருந்து ஏறத்தாழ 10 நாட்களில் நாம் பெறும் அளவாகும். சி.டி. ஸ்கேனில் இது பல மடங்கு அதிகம். ஆகவே, மருத்துவரின் பரிந்துரையின்றி அதனை எடுத்துக்கொள்ளலாகாது.

நினைவிற்கொள்ள வேண்டியவை

• பழைய படங்களையும் அறிக்கைகளையும் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லவும். நிழல் புதியதா, பழைய தழும்பா என்பதை ஒப்பிட்டறிய அவை உதவும்.
• முன்பு காசநோய்ச் சிகிச்சை பெற்றிருப்பின், மறைக்காமல் தெரிவிக்கவும்.
• கர்ப்பமாக இருப்பின் அல்லது அவ்வாறு ஐயமிருப்பின், படம் எடுக்குமுன் கூறவும்.
• சி.டி. ஸ்கேனுக்கு மருந்து செலுத்தப்படுமாயின், சிறுநீரக நோய், நீரிழிவு, ஒவ்வாமை ஆகியவை குறித்து முன்னரே தெரிவிக்கவும்.

இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்படுகின்றன.